உப்பு விற்றவள் கேட்ட கேள்வி

எங்க ஆபீஸ் பசங்களோட பைக்ல பாண்டிச்சேரி போறதுன்னா ஈசிஆர்ல ரெண்டு இடத்துல கண்டிப்பா நிப்போம். மாமல்லபுரம் தாண்டி ஒரு டீ. அப்புறம் மரக்காணம் உப்பளத்துல போட்டோ. ரோட்டை ஒட்டி பாத்தி பாத்தியா தண்ணி தேங்கி, நடுவுல வெள்ளை வெள்ளையா குவியல் நிக்கும். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் படம் நல்லா வரும். என்னை மாதிரி அரைகுறை போட்டோகிராபருக்கு வேற என்ன வேணும்?

போன சீசன்ல ஒரு ஞாயித்துக்கிழமை அப்படி நின்னப்போ, எங்களுக்கு முன்னாடியே ஒரு கல்யாண ஜோடி வந்திருந்தாங்க. ப்ரீ வெட்டிங் ஷூட்டாம். பொண்ணு தரையில புரளும் சிவப்பு கவுன்ல வரப்பு மேல நிக்கிறாங்க, தலைக்கு மேல ட்ரோன் சுத்துது. பின்னாடி நாலஞ்சு அம்மாக்கள் தலையில கூடையோட பாத்திக்கும் குவியலுக்குமா நடந்துகிட்டிருந்தாங்க. போட்டோகிராபர் சத்தமா, "அம்மா, கொஞ்சம் தள்ளிப் போங்கம்மா, ஃப்ரேம்ல வர்றீங்க" என்றார். அது அவங்க வேலை செய்யற இடம். இருந்தாலும் தள்ளித்தான் போனாங்க.

எனக்குச் சுர்ருன்னு கோபம் வந்துச்சு. நான் முற்போக்கு ஆசாமி இல்லையா! "நான் உழைக்கிறவங்களைத்தான் எடுப்பேன்" என்று பெருமையாக நினைத்துக்கொண்டு, தள்ளிப் போன அந்த அம்மாக்கள்ல ஒருத்தரை எடுத்தேன். சூரியனுக்கு எதிரா, பக்கவாட்டுல, வெறும் நிழலுருவமா. தலையில கூடை, ஒரு கை மேல, வளைஞ்ச இடுப்பு, கீழே தண்ணியில பிரதிபலிப்பு. மனசுக்குள்ள அப்பவே தலைப்பு கூட வச்சாச்சு: 'உழைப்பின் அழகு'.

அந்தம்மா உப்பைக் குவியல்ல கொட்டிட்டு நேரா என்கிட்ட வந்தாங்க.

"யாருப்பா நீ? என்னாத்துக்கு எடுக்குற?"

"சும்மாதாம்மா... பாக்க நல்லா இருந்துச்சு."

"எங்க, காட்டு."

காட்டினேன். வெயிலைக் கையால மறைச்சுகிட்டு உத்துப் பார்த்தாங்க. "என் மூஞ்சியே காணோமே! இது நான்னு யாருக்குத் தெரியும்? கூடையையும் இடுப்பையும் எடுத்து வச்சிருக்க" என்றார். திட்டல. சிரிச்சுகிட்டேதான் சொன்னாங்க. சொல்லிட்டு அடுத்த நடைக்குப் போயிட்டாங்க. கூட வந்த பசங்க பாண்டி போற வரைக்கும் என்னை ஓட்டினாங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. அந்தம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி. கவுன் போட்ட பொண்ணுக்காவது முகம் இருந்துச்சு.

இது நடந்து ரெண்டு வாரம் கழிச்சு ஊருக்குப் போனப்போ எங்க பெரியம்மாகிட்ட இதைச் சொன்னேன். பெரியம்மா ரிட்டயர்டு தமிழ் டீச்சர். கேட்டுட்டு, "டேய், இது அகநானூத்துலயே இருக்குடா. 390வது பாட்டு. போய்ப் படி" என்றார். படிச்சேன். அதுக்கப்புறம்தான் இந்தப் பதிவு.

*

அகநானூறு 390, பாடியவர் அம்மூவனார். நெய்தல் திணை. கதை இதுதான்: உப்பு வண்டியோட ஊர் ஊராப் போற உமணர் வீட்டுப் பெண் ஒருத்தி, தெருத்தெருவா உப்பு கூவி விக்கிறாள். ஒரு படி நெல்லுக்கு ஒரு படி உப்பு, அதுதான் அவள் சொல்ற விலை. (உப்பையும் நெல்லையும் சமமா மாத்தின காலம் ஒண்ணு இருந்திருக்கு பாருங்க!) அப்போ ஒருத்தன் வழியில குறுக்கே நின்னு, இந்த உப்போட விலை சரி, உன் உடம்புல இருக்கிற உப்புக்கு என்ன விலைன்னு எங்களுக்குத் தெரியலையேன்னு கேக்கிறான்.

ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின 'ஈவ் டீசிங்'. நம்ம சினிமாவுல ஹீரோ அறிமுகமான பத்து நிமிஷத்துல வர்ற சீன் அப்படியே இருக்கு. தெருவுல விக்கிற பொருளையும் விக்கிறவள் உடம்பையும் ஒரே தராசுல வைக்கிற இந்த ஜோக், காய்கறிக்காரியை வச்சு, மீன்காரியை வச்சு, இட்லிக்கடைக்காரியை வச்சுன்னு எத்தனை படத்துல வந்திருக்குன்னு நான் சொல்லவே வேணாம். உங்களுக்கே நாலஞ்சு ஞாபகம் வரும்.

ஆனா பாட்டு அதோட முடியல. அவள் பெரிய கண்ணால அவனை நேருக்கு நேர் பார்க்கிறாள். எங்களை வழிமறிக்கிறீங்களே, யாரு நீங்க என்று கேக்கிறாள். லேசாச் சிரிக்கிறாள். ஒதுங்கி நிக்கிறாள்.

யாருப்பா நீ? என்னாத்துக்கு எடுக்குற?

படிச்சதும் எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதே உப்பு, அதே கேள்வி, அதே சிரிப்பு. (அந்தப் பாட்டு மரக்காணத்தைப் பத்தினது என்று நான் சொல்ல வரல. உப்பு விளையற எல்லாக் கரைக்கும் பொருந்தும்.)

அம்மூவனாரே உப்பு விக்கிற பெண்ணைப் பத்தி இன்னொரு பாட்டும் பாடியிருக்கார், அகநானூறு 140. அதுல அவள் விலை கூவற சத்தம் புதுசா இருக்கேன்னு வீட்டு நாய் குரைக்குது, அவள் மிரண்டு போறாள். பார்க்கிறவன் அந்தக் கண்ணைப் பார்த்து உருகி, சேத்துல மாட்டின உப்பு வண்டியை இழுக்கிற மாடு மாதிரி பெருமூச்சு விடறான். இதுலயும் பார்க்கிறது அவன்தான். ஆனா அவளோட தொழில், அவள் அப்பாவோட வண்டி, கூவற குரல், குரைக்கிற நாய் எல்லாம் பாட்டுக்குள்ள இருக்கு. அவளைத் தனியா வெட்டி எடுக்கல.

உடனே "பாத்தீங்களா, சங்க காலத்துல பெண்களை எப்படி மதிச்சிருக்காங்க" என்று கொடி பிடிக்கப் போறதில்ல. 390வது பாட்டு முழுக்க அந்த ஆண் சொல்றதா வர்றதுதான். அவள் கேட்ட கேள்வியே நமக்கு அவன் வாய் வழியாத்தான் வந்து சேருது. அவள் வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட என்ன சொல்லியிருப்பாள்னு பாட்டுல இல்ல. நான் சொல்ல வர்றது சின்ன விஷயம்தான்: பார்க்கிறது அப்பவும் இருந்துச்சு, விலை கேக்கிறதும் இருந்துச்சு. ஆனா திருப்பிக் கேக்க அவளுக்கு ஒரு வரி இருந்துச்சு. அந்த வரி எப்போ, எங்கே காணாமப் போச்சு?

*

அதுக்கு முன்னாடி மரக்காணத்துக்கே ஒரு நடை போயிட்டு வந்துடுவோம். பத்துப்பாட்டுல ஒண்ணு சிறுபாணாற்றுப்படை. 269 அடி. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடினது. இடைக்கழிநாடு இன்னிக்கும் அதே பேர்ல மரக்காணத்துக்கு வடக்கே ஈசிஆர்லதான் இருக்கு. அதுல வர்ற எயிற்பட்டினம் என்கிற துறைமுக ஊர்தான் இன்னிக்கு மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பலரும் சொல்றாங்க.

அந்தப் பாட்டுல பாணனோட கூடப் போற விறலியை (ஆடிப் பாடற பெண்) தலையிலிருந்து கால் வரைக்கும் வர்ணிப்பார் புலவர். கூந்தலுக்கு மேகம், தொடைக்கு யானைத் தும்பிக்கைன்னு ஒரு உவமை அடுத்த உவமையைத் தொட்டுத் தொட்டுப் போகும். பாதத்துக்குச் சொல்ற உவமை என்ன தெரியுமா? ஓடிக் களைச்ச நாயோட நாக்கு! முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் பார்த்தா, வெயில்ல அவ்வளவு தூரம் நடந்து வந்த கால் அது. சோர்ந்து போன அந்தக் காலை கூட வந்த பசங்க மெதுவாப் பிடிச்சு விடறாங்க. வர்ணனைதான், சந்தேகமே இல்ல. அங்கம் அங்கமாத்தான் பார்க்கிறார் மனுஷன். ஆனாலும் அந்தக் காலுக்கு வலிக்கும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

அதே பாட்டுல எயிற்பட்டினத்துக்கு வந்ததும், அலை கொண்டு வந்து போட்ட வாசனை மரம் தூங்கற ஒட்டகம் மாதிரிக் கிடக்கும். அந்த விறகை எரிச்சு, நுளையர் வீட்டுப் பெண் தேறல் வடிப்பாள். பரதவர் அதை விருந்தாளிக்குக் கொடுப்பாங்க. ஊரோட அறிமுகத்துலயே வேலை செய்யற ஒரு பெண் வர்றாள்.

உப்பளத்துப் பெண் கால் இப்போ எப்படி இருக்கும்? கொஞ்சம் தொழில்நுட்பமாப் பேசலாம். உப்புநீரை முதல்ல பெரிய பாத்தியில தேக்கி, வெயில்ல சுண்ட வச்சு, பாத்தி பாத்தியா மாத்திகிட்டே வருவாங்க. அடர்த்தி ஏறி போமே அளவுல 25 டிகிரி கிட்ட வரும்போதுதான் உப்பு படிய ஆரம்பிக்கும். 30 டிகிரியை நெருங்க விட்டா மெக்னீசியம் உப்பெல்லாம் சேர்ந்து கசந்துடும். படிஞ்சதை மரப்பலகையால இழுத்துக் கரையில ஒதுக்கி, கூடையில அள்ளிக் குவியலுக்குச் சுமக்கணும். அந்தச் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையில. நாள் முழுக்கக் கடல் நீரை விடப் பல மடங்கு உப்பான தண்ணியில கால். தோல் வெடிச்சுப் புண்ணாகும். வெள்ளைத் தரையில பட்டுத் திரும்பற வெயில்ல கண் கெடும். அந்தம்மா என் போனைக் கையால மறைச்சு உத்துப் பார்த்ததுக்கு வெறும் வெயில் மட்டும் காரணமா இருக்கணும்னு இல்ல.

மழை வந்தா வேலை இல்ல. அந்த மாசங்களுக்குத் தமிழ்நாடு அரசு 2022லிருந்து உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருது. அதே 2022 ஏப்ரல்ல தமிழ்நாடு உப்புக் கழகம் தன்னோட உப்புக்கு 'நெய்தல் உப்பு' என்று பேர் வச்சுது. சங்கத் திணைப் பேரே பாக்கெட்டுல ஏறிடுச்சு. அமெரிக்காவுல மார்ட்டன் உப்பு டப்பாவுல 1914லிருந்து குடை பிடிச்ச ஒரு குட்டிப் பொண்ணு படம் இருக்கு. நூறு வருஷத்துல நாலஞ்சு தடவை கவுனையும் முடியையும் மாத்தியிருக்காங்க. உப்பு விக்க ஒரு பொண்ணு படம் வேணும். உப்பு அள்ளின பொண்ணு படம் எந்த டப்பாவுலயும் நான் பார்த்ததில்ல.

இங்கேதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. பெண்ணைப் பொருளாக்கறதுன்னா அரைகுறை ஆடையில காட்டறதுன்னு மட்டும்தான் நான் நினைச்சிருந்தேன். அது பாதிதான். ஒரு பெண்ணை அளவுக்கு மீறி ஃப்ரேமுக்குள்ள இழுக்கறதும், இன்னொருத்தியை ஃப்ரேமை விட்டுத் தள்ளிப் போகச் சொல்றதும் ஒரே கைதான் செய்யுது.

*

நிற்க. சினிமாவுக்கு வருவோம்.

1913ல பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தப்போ தாராமதி வேஷத்துக்குப் பெண் கிடைக்கல. சாலுங்கே என்கிற ஆண்தான் நடிச்சார். கேமரா முன்னாடி நிக்கறதே அவமானம்னு இருந்த காலம். தமிழ் பேசின முதல் படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31. கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி. திருவையாத்துக்காரர். சின்ன வயசுல கல்யாணம் ஆகி, அது நிலைக்காம நாடகத்துக்கு வந்தவர். அவரே 1936ல தன்னோட நாவலை 'மிஸ் கமலா'ன்னு படமாக்கி, நடிச்சு, இயக்கவும் செஞ்சார். தென்னிந்தியாவோட முதல் பெண் இயக்குநர்! அதுக்கு முந்தின வருஷம், 1935ல, கே.பி.சுந்தராம்பாள் 'பக்த நந்தனார்' படத்துல நடிக்க ஒரு லட்ச ரூபாய் வாங்கினார். எந்த வேஷத்துக்கு? நந்தனார் வேஷத்துக்கு. ஒரு பெண், ஆண் வேஷத்துல, குரலுக்காக மட்டுமே, அந்தக் காலத்து ஒரு லட்சம்.

அதாவது தமிழ் சினிமா பிறந்த முதல் அஞ்சாறு வருஷத்துல ஒரு பெண் கேமராவுக்குப் பின்னாடி இருந்திருக்கார், இன்னொருத்தர் இடுப்பு தெரியாமலேயே அதிகச் சம்பளம் வாங்கியிருக்கார். இதைப் படிக்கிற வரைக்கும், எல்லாம் ஆரம்பத்திலேருந்தே மோசம், இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமாத் திருந்திகிட்டு வருதுன்னு நினைச்சுகிட்டிருந்தேன். வரலாறு அப்படி நேர்கோட்டுல போகல.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பின்னணி பாடறது வந்ததும் நடிகைக்குக் குரல் தேவைப்படல. கதாநாயகிக்கு ஒரு அச்சு, 'கவர்ச்சி' நடிகைக்குத் தனி அச்சு. அந்த ரெண்டாவது அச்சுல சிக்கினவங்கள்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பேர் சில்க் ஸ்மிதா. ஆந்திராவுல பிறந்த விஜயலட்சுமி. 1980ல வந்த 'வண்டிச்சக்கரம்' படத்துல அவர் பாத்திரத்தோட பேர் சில்க். அந்தப் பேர் அப்படியே அவர் மேல ஒட்டிகிச்சு. யோசிச்சுப் பாருங்க: மனுஷி பேர் போய், துணியோட பேர் நின்னுடுச்சு. 1981ல 'அலைகள் ஓய்வதில்லை'யில பாரதிராஜா அவருக்கு ஒரு நல்ல குணச்சித்திர வேஷம் கொடுத்தார். அருமையா செஞ்சார். ஆனா தயாரிப்பாளர்களும் விநியோகஸ்தர்களும் (நாமும்தான்) கேட்டது ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு. அது இருந்தா படம் வித்துடும். நூத்துக்கணக்கான படங்கள்ல அதே வேலை. 1996 செப்டம்பர் 23 அன்னிக்கு சென்னையில இறந்து போனார். வயசு 35. 2011ல அவர் வாழ்க்கையை நினைவுபடுத்தற 'தி டர்ட்டி பிக்சர்' வந்துச்சு. வித்யா பாலனுக்குத் தேசிய விருது. ஸ்மிதா பிறந்த நாளான டிசம்பர் 2ஆம் தேதி பார்த்து ரிலீஸ் பண்ணினாங்க. செத்த பிறகும் விலை கேக்கறது நிக்கல.

சட்டம் ஒண்ணும் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. பெண்களை அநாகரிகமாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் சட்டம், 1986. அடுத்த வருஷம் அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி அன்னிக்கு அமலுக்கு வந்துச்சு. விளம்பரம், புத்தகம், துண்டுப் பிரசுரம், படம் எல்லாம் அதுல வரும். ஆனா சென்சார் சட்டத்துக்குக் கீழ வர்ற சினிமாவுக்கு அதுலயே விலக்கு! போஸ்டர் ஒட்டினவனைப் பிடிக்கலாம், படத்தைத் தொட முடியாது. இணையத்துக்கும் சேர்த்துத் திருத்த 2012ல ஒரு மசோதா கொண்டு வந்தாங்க. அது நிறைவேறாமலே 2021ல வாபஸ் ஆயிடுச்சு.

இன்னொரு பக்கம், 1998ல சென்னையில ஒரு கல்லூரி மாணவி, கிண்டல் பண்ணின கும்பலால உயிரையே இழந்தார். அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்துச்சு. அந்தப் பேரைக் கவனிங்க. 'டீசிங்'. ஏதோ விளையாட்டு மாதிரி. 2002ல தான் பேரைப் 'பெண்கள் துன்புறுத்தல் தடை' என்று மாத்தினாங்க. பின்தொடர்றதுதனிக் குற்றம்னு ஆனது 2013ல. அதுக்குள்ள எத்தனை ஹீரோக்கள் எத்தனை ஹீரோயின்களை எத்தனை ரீல் பின்தொடர்ந்திருப்பாங்க? 2016 ஜூன் 24 காலையில நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்துல, வேலைக்குக் கிளம்பின ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் பெண்ணை வெட்டிக் கொன்னாங்க. நான் அப்போ காலேஜ். சினிமாவுல துரத்தறதைக் காதல்னு காட்டறாங்களே என்ற பேச்சு அன்னிக்கு ஊரெல்லாம் நடந்துச்சு. எங்க ஹாஸ்டல்லயும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசினோம். அடுத்த வாரம் அதே ஹாஸ்டல் டிவியில, அதே மாதிரி ஒரு துரத்தல் பாட்டுக்கு அதே பசங்க விசிலடிச்சோம். 'பசங்க'ன்னு எழுதிட்டு நான் நழுவ முடியாது. விசிலடிச்சோம்.

எந்தச் சீன்லயும் அவள் "யாரு நீங்க?" என்று கேக்காம இல்ல. கேப்பாள். ஆனா அது திமிர்னு ஆகும். அடுத்த பாட்டுக்குள்ள அந்தத் திமிரை அடக்கறதுதான் கதை. அம்மூவனாரோட ஆள் அந்தக் கேள்விக்கு முன்னாடி உருகி நிக்கிறான். நம்ம ஆள் அதுக்குப் பதில் சொல்லாம இன்னும் பத்து பேரைக் கூட்டிகிட்டு வந்து ஆடறான். காணாமப் போனது அவளோட வரி இல்ல, அதைக் காதுல வாங்கற ஆள்.

*

"சினிமாக்காரங்க அப்படித்தான்" என்று சொல்லிட்டு நம்ம தொழில்காரங்க தப்பிக்க முடியாது. இன்ஜினியரிங்ல இமேஜ் ப்ராசஸிங் படிச்சவங்க கை தூக்குங்க. மேட்லாப் லேப்ல முதல்ல என்ன படம் திறந்தீங்க? தொப்பி போட்டு, தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிற ஒரு பொண்ணு. 'லேனா'. 512க்கு 512 பிக்சல். அந்த முகத்தை மங்கலாக்கி, கூர்மையாக்கி, சுருக்கி, ஓரம் கண்டுபிடிச்சு ரெக்கார்டு நோட்டுல ஒட்டி மார்க்கு வாங்கினேன். யார் அது என்று ஒரு நாள் கூடக் கேக்கல.

அது 1972 நவம்பர் 'ப்ளேபாய்' நடுப்பக்கப் படம். 1973ல தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல அலெக்சாண்டர் சாச்சுக்கும் கூட இருந்தவங்களும் சோதனைக்கு ஒரு நல்ல படம் தேடினப்போ, யாரோ அந்தப் பத்திரிகையோட வந்திருக்காங்க. மேல் பகுதியை மட்டும் ஸ்கேன் பண்ணினாங்க. அதுக்கப்புறம் உலகம் முழுக்க அதுதான் அளவுகோல். அந்தப் பெண், ஸ்வீடனைச் சேர்ந்த லேனா ஃபோர்சன், இந்தக் கூட்டத்தை நேர்ல சந்திச்சது 1997ல, பாஸ்டன்ல நடந்த ஒரு மாநாட்டுல. 24 வருஷம் கழிச்சு! ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டி, இனிமே இந்தப் படத்தோட வர்ற கட்டுரைகளை ஏத்துக்க மாட்டோம்னு சொன்னது 2024 ஏப்ரல் 1லிருந்து. ஏப்ரல் ஃபூல் இல்ல, நிஜம்.

அவங்க உடம்பை வெட்டிட்டு முகத்தை வச்சுகிட்டாங்க. நான் மரக்காணத்துல முகத்தை விட்டுட்டு உடம்பை வச்சுகிட்டேன். ரெண்டு இடத்துலயும் எங்கே வெட்டறதுன்னு முடிவு பண்ணினவன் வேற ஆள்.

மார்த்தா நுஸ்பாம் என்கிற தத்துவப் பேராசிரியர் 1995ல 'பொருளாக்கல்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மனுஷரைப் பொருளா நடத்தறதுக்கு ஏழு அடையாளம் சொல்றார்: கருவியாப் பயன்படுத்தறது, சொந்த முடிவு இல்லாதவரா நினைக்கிறது, செயலில்லாதவரா நினைக்கிறது, ஒருத்தருக்குப் பதில் இன்னொருத்தரை வச்சுக்கலாம்னு நினைக்கிறது, எல்லை மீறலாம்னு நினைக்கிறது, வாங்கலாம் விக்கலாம்னு நினைக்கிறது, உணர்வே இல்லாதவரா நினைக்கிறது. எங்க ஆளுங்களுக்கு செக்லிஸ்ட் கிடைச்சா விடமாட்டோமே! என் போட்டோவை அதுல ஓட்டிப் பார்த்தேன். லைக் வாங்க ஒரு கருவி, ஆமா. கேட்டு எடுத்தேனா, இல்ல. அந்தம்மாவுக்குப் பதில் பக்கத்துல போன அம்மா வந்திருந்தா படம் மாறியிருக்குமா, மாறியிருக்காது. அவங்களுக்குக் கால் எரியும்னு நினைச்சேனா, அப்போ இல்ல. ஏழுல நாலு ஃபெயில். ஆடை அரைகுறையா எதுவும் இல்ல, நோக்கம் கெட்ட நோக்கமும் இல்ல. இருந்தும் ஃபெயில்.

"அப்போ யாரையும் படமே எடுக்கக் கூடாதா? அழகைப் பார்க்கவே கூடாதா?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. பார்க்கிறதே தப்புன்னா அகநானூறையே மூட வேண்டியதுதான். எனக்குத் தோணறது, பார்க்கப்படறவங்க திருப்பி "யாரு நீ?" என்று கேக்க முடியுதா, கேட்டா பதில் சொல்ல நாம நிக்கிறோமா, அவ்வளவுதான். அந்தம்மா என்கிட்ட கேட்டதுக்கு நான் "சும்மாதாம்மா" என்றேன். எவ்வளவு கேவலமான பதில்.

அந்தப் படத்தை நீக்கிட்டேன். ஏற்கனவே அதைப் போட்டு இருநூத்துச் சொச்சம் லைக்கும் வாங்கியாச்சு என்பதையும் ஒத்துக்கறேன். இந்த சீசன்ல மறுபடி ஒரு தடவை அங்கே போனேன். முகம் தெரியற மாதிரி ஒண்ணு எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுக்கலாம்னு நினைப்பு. அந்தப் பாத்தியில வேற ஆளுங்க வேலை செஞ்சாங்க. கூடையோட போன அம்மாவைத் தெரியுமான்னு கேட்டேன். "இங்க எல்லாருந்தான் கூடையோட போறோம், பேரு என்னா?" என்று கேட்டாங்க.

பேர் கேக்காம வந்தவன்கிட்ட பதில் இல்ல.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு, போட்டோ எடுக்கற மக்கள் உங்க ஆல்பத்தை ஒரு தடவை திறந்து, இருக்கிற பெண்கள்ல எத்தனை பேரோட பேர் உங்களுக்குத் தெரியும்னு எண்ணிப் பாருங்க. எனக்கு மூணு. மூணு பேரும் எங்க வீட்டுக்காரங்க :-(